இருபத்திரண்டு நிமிட ஒத்திகை

நான் பிறவியிலேயே பயந்தவள். கதவைப் பூட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன். படி இறங்கியதும் சந்தேகம் வந்து மறுபடி ஏறிப் போய் மூன்றாவது முறையும் இழுப்பேன். வீட்டில் கேலி செய்யாத ஆள் கிடையாது. ஆனால் இந்தப் பயத்துக்குச் சம்பளம் கொடுக்கவும் ஓர் அலுவலகம் இருந்தது. ஆஸ்பத்திரிகளும் சின்ன கிளினிக்குகளும் ஆம்புலன்ஸ்காரர்களும் ஒருவரோடொருவர் ஒழுங்காகப் பேசிக்கொள்கிறார்களா, எதற்கு யார் பொறுப்பு, யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றெல்லாம் சரிபார்த்து மதிப்பெண் போடுகிற வேலை. அறுபத்து நான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, பொருந்தாது என்று மூன்று கட்டங்கள். பத்து வருடத்தில் நோயாளி ஒருவரின் கையைக்கூட நான் தொட்டதில்லை.

அன்று காலை பெரிய ஆஸ்பத்திரியின் சேர்க்கை அறையில் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் வருகிறோம் என்று முந்தின நாள்தான் சுவருக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நாற்காலியில் சாய்ந்தால் முதுகில் ஒட்டியது. எங்கள் குழுவின் தலைவர் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற சுகாதார அலுவலகத்தில் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். அவருக்குச் 'சதவீதம்' என்று நாங்கள் வைத்த பேர் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியின் பெரிய தலைகள் அத்தனையும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தன. பிரசவப் பிரிவின் பெரிய டாக்டரம்மா, மயக்க மருந்து டாக்டர், ஆம்புலன்ஸ் பொறுப்பாளர் என்று ஒருவர் பாக்கியில்லை. ஒருங்கிணைப்பில் என்னென்ன குறை என்று அவர்கள் உட்கார்ந்து பேச வேண்டும். போன வருடம் ஆளாளுக்குச் செல்போனைத் தடவிக்கொண்டே பேசினார்கள். அதனால் இந்த முறை வாசலில் ஒரு கூடை வைத்து எல்லாப் போனையும் அணைத்து அதில் போட்டுவிட வேண்டும் என்று யோசனை சொன்னவள் நான். 'கூட்டம் முடியும்வரை யாரும் உள்ளே வரக் கூடாது' என்று கதவில் ஒட்டியிருந்ததும் என் கையெழுத்துதான்.

நாற்பத்தொன்றாம் கேள்விக்கு வந்திருந்தேன். கிளினிக்கிலிருந்து ஒருவரை இங்கே அனுப்பும் முன் போன் செய்து சொல்கிறார்களா என்பது கேள்வி. பதிவேட்டில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. வரிக்கு வரி நேரம் எழுதியிருந்தது. ஓர் இடம்கூடக் காலி இல்லை. பயந்தவர்களுக்கு எதுவும் இவ்வளவு ஒழுங்காக இருந்தால் பிடிக்காது. நான் பக்கங்களைப் புரட்டினேன். ஆள் வந்தது 9.40 என்றால் போன் வந்தது 9.25. ஆள் வந்தது 2.10 என்றால் போன் 1.55. ஆறு மாதத்துக்கும் இதே கதை.

"எப்படிக்கா எல்லாரும் கரெக்டாப் பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே போன் பண்றாங்க?" என்று பதிவேட்டுக்குப் பொறுப்பான அக்காவைக் கேட்டேன். ஓய்வுபெற ஒரு வருடம் பாக்கியிருக்கும் பெண்மணி. எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்து.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போனா? யாரும் பண்றதில்ல மேடம்."

"அப்ப இந்த நேரமெல்லாம்?"

"போன் பண்ணினா நாங்க 'இங்க இடமில்ல, வேற எங்கயாவது பாருங்க'ன்னு சொல்லிடுவோம்ல. அதனால அவங்க பண்றதே இல்ல. சொல்லாமக் கொள்ளாம வாசல்ல கொண்டுவந்து இறக்கிட்டா நாங்க திருப்பி அனுப்ப முடியாது பாருங்க." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வருஷம் முன்னாடி நீங்கதானே மேடம் சொன்னீங்க, கட்டம் காலியா இருந்தா மார்க் போயிடும்னு? அதுலருந்து ஒண்ணைக்கூட நான் விட்டதில்ல. வந்த நேரத்துலருந்து பதினஞ்சைக் கழிச்சு எழுதிடுவேன்."

பெருமையாகத்தான் சொன்னார். அந்தக் கட்டத்துக்கு இரண்டு வருடமும் நான் 'ஆம்' போட்டிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்? நான் அந்தச் சுரைக்காயை எடை போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்திருக்கிறேன்.

அப்போது என் செல்போன் அடித்தது. தங்கையின் கணவர்.

"அக்கா, பயப்படாதீங்க..." என்றுதான் ஆரம்பித்தார். அந்த ஒரு சொல்லிலேயே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "காலைலருந்து இவளுக்கு வலியே இல்லாம ரத்தம் போகுது. நிக்கவே இல்ல. கிளினிக்ல பார்த்துட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குன்னு ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க. நானும் கூடத்தான் வரேன். நர்ஸம்மா அங்க போன் பண்ணிச் சொல்லிட்டாங்களாம், டாக்டருங்க எல்லாம் ரெடியா இருப்பாங்களாம். இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷத்துல வந்துடுவோம்."

மேஜையில் இருந்த டெலிபோனைப் பார்த்தேன். ஒன்பது மணியிலிருந்து நான் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

என் தங்கை கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். எட்டாம் மாதம். எந்தக் கிளினிக்கில் காட்டலாம் என்று அவள் கேட்டபோது, கண்ணை மூடிக்கொண்டு அங்கே போ, தொண்ணூற்று மூன்று மார்க் என்று சொன்னவள் நான். அந்தத் தொண்ணூற்று மூன்றைப் போட்டவளும் நான்.

பிரசவப் பிரிவுக்கு ஓடினேன். அங்கே டியூட்டி டாக்டர் மட்டும் இருந்தாள். படிப்பை முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதிகம். நான் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"வலி இல்லாம ரத்தம் போகுதுன்னா நஞ்சுக்கொடி கீழ இருக்கும் மேடம். வந்த உடனே வயித்தைத் திறந்தாகணும். பெரிய மேடமும் மயக்க டாக்டரும் இல்லாம நான் தனியா ஒண்ணும் பண்ண முடியாது."

"கூப்பிடு அவங்களை!"

"அவங்க உங்க மீட்டிங்லதான இருக்காங்க?" என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டாள். "மத்தியானம் வரைக்கும் இந்த மாதிரி கேஸ் அனுப்பாதீங்கன்னு எல்லா கிளினிக்குக்கும் நேத்தே மெயில் போயிருக்கு மேடம். அவங்க பார்க்கலையா?"

"வேற ஆஸ்பத்திரி?"

"பக்கத்துல இருக்கறதே ஒண்ணரை மணி நேரம். தாங்காது மேடம்."

மணி பத்து நாற்பத்தைந்து. சதவீதத்துக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. பெரிய டாக்டரம்மாவின் போனும் அப்படியே. எல்லாம் என் கூடைக்குள் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தன. நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது. சுகாதார அலுவலகத்தின் நம்பரைத் தேடிப் பிடித்து அடித்தேன். ஆறாவது முறை அடித்தபோது அங்கேயிருந்த எழுத்தர் எடுத்தார்.

"சார், மீட்டிங்ல இருக்கற பிரசவ டாக்டரையும் மயக்க டாக்டரையும் உடனே வெளிய கூப்பிடுங்க. இங்க ஒரு உயிர் போயிட்டிருக்கு."

"உள்ள போகக் கூடாதுங்க. கதவுல எழுதி ஒட்டியிருக்கு."

"அதை எழுதினதே நான்தான் சார்! நானே சொல்றேன், போங்க."

"போன்ல யாரு வேணா என்ன வேணா சொல்லலாம்ங்க. டாக்டரை அனுப்பணும்னா ஆஸ்பத்திரி கண்காணிப்பாளர்கிட்டயிருந்து ஒரு லெட்டர் வரணும். மெயில்ல அனுப்பினாக்கூடப் போதும்."

"கண்காணிப்பாளரும் உங்க மீட்டிங்லதான் இருக்காரு!"

"அப்ப அவரு வெளிய வந்ததும் வாங்கிக்கலாம்ங்க" என்றார் அவர், நல்ல மனதோடு.

நான் கெஞ்சினேன். தங்கச்சி என்றேன், ஏழு வருடம் என்றேன், உங்கள் வீட்டிலும் பெண்கள் இருப்பார்கள் இல்லையா என்றேன். அந்த மனிதர் கல்நெஞ்சக்காரர் இல்லை. "புரியுதுங்க, புரியுதுங்க" என்று உருகினார். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. விதியை மீறினால் யாராவது எழுதிவிடுவார்கள் என்ற பயம் அவர் குரலில் இருந்தது. அந்த யாராவது நான்தான். பயந்தவளுக்குப் பயந்தவர்களின் குரல் நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பொய் வந்தது. யோசித்தெல்லாம் வரவில்லை. தொண்டையைச் செருமினேன். மதிப்பெண் போடுகிற குரலை எடுத்தேன்.

"சரி சார், இது வரைக்கும் நீங்க பேசினதைக் குறிச்சுக்கிட்டேன். இது ஒரு அவசர ஒத்திகை. ஐம்பத்திரண்டாம் கேள்வி. மீட்டிங்ல இருக்கற டாக்டருங்களை எத்தனை நிமிஷத்துல ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுவர்றீங்கன்னு பார்க்கறோம். இப்ப மணி பத்து ஐம்பது. கடிகாரம் ஓட ஆரம்பிச்சாச்சு."

ரிசீவர் மேஜையில் விழும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஓடுகிற காலடி, கதவு தட்டுகிற ஓசை, "ஒத்திகையாம் சார், ஒத்திகையாம்!" என்ற கத்தல். ஒரு உயிருக்கு அசையாத மனிதர் ஒரு மார்க்குக்கு ஓடினார். அதே குரலில் மற்றவர்களையும் கூப்பிட்டேன். தியேட்டர் நர்ஸுகளிடம் ஒத்திகை என்றேன். ரத்த வங்கிக்குப் போன் போட்டு, ஒத்திகை, ஓ நெகட்டிவ் இரண்டு பை, நேராகத் தியேட்டருக்கு என்றேன்.

அந்தக் கட்டடத்தில் அப்படியொரு சுறுசுறுப்பை நான் பார்த்ததில்லை. எள் என்றால் எண்ணெயாக நின்றார்கள். விளக்கு எரிந்தது, கருவிகள் தயாராயின, ஸ்ட்ரெச்சர் வாசலுக்கே போய் நின்றது. ரத்த வங்கியின் நீலக் குளிர்பெட்டி ஆறே நிமிடத்தில் தியேட்டருக்குள் போனதை என் கண்ணால் பார்த்தேன். பதினொன்று பன்னிரண்டுக்குப் பெரிய டாக்டரம்மாவும் மயக்க மருந்து டாக்டரும் காரிலிருந்து இறங்கினார்கள். இருபத்திரண்டு நிமிடம். மயக்க மருந்து டாக்டர் சட்டையில் இன்னும் கூட்டத்துப் பெயரட்டை தொங்கியது. "இதுக்கு எத்தனை மார்க் மேடம்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் சிரித்து முடிக்கவில்லை, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

என் தங்கையைக் கீழே இறக்கினார்கள். போர்த்தியிருந்த துணி இடுப்புக்குக் கீழே முழுக்கச் சிவந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. அவள் என்னைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தாள்.

"அக்கா, நீ இங்கயா இருக்க? அப்பாடா. அப்பப் பயமில்ல."

மயக்க மருந்து டாக்டர் அந்தத் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது நிஜமா?" என்றார். நான் தலையாட்டினேன். அதற்குள் அவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்திருந்தார்.

தியேட்டர் கதவு மூடியது. நான் சுவரோரம் நின்றேன். தங்கையின் கணவர் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் வந்துவிட்டார்கள், எல்லாம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக எண்ணினேன். டாக்டர், மயக்கம், ரத்தம். டாக்டர், மயக்கம், ரத்தம். உள்ளே குழந்தை அழும் சத்தம் மெல்லக் கேட்டது. தங்கையின் கணவர் நிமிர்ந்தார்.

அடுத்த நொடி கதவு படாரென்று திறந்தது. டியூட்டி டாக்டர் கையுறையோடு நின்றாள்.

"மேடம், பெட்டி காலி! ரத்தமே இல்ல! பெரிய மேடம் கேட்கறாங்க, ரத்தம் எங்க?"

பெட்டியில் ஒரு சீட்டு மட்டும்தான் இருந்திருக்கிறது. 'ஓ நெகட்டிவ், இரண்டு பை, ஒத்திகை' என்று அழகாக எழுதி, கையெழுத்தும் போட்டு.

ரத்த வங்கி கீழ்த்தளத்தில் இருந்தது. இரண்டு மாடிப் படி. இறங்கினேனா உருண்டேனா என்று எனக்குத் தெரியாது. ஒரு செருப்பு நடுவழியில் போனது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ரத்த வங்கிக்காரர் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"ரத்தம் குடுங்க. நிஜ ரத்தம். ஒத்திகை இல்ல, நிஜம்!"

அவர் நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தார். "தெரியும் மேடம். இப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரியும்."

"என்ன தெரியும்?"

"போன ஒத்திகையிலயும் ஒருத்தர் வந்து நிஜம் நிஜம்னு அலறினாரு. நான் நம்பி ரெண்டு பையை வெளிய எடுத்துட்டேன். மறுபடி உள்ள வைக்க முடியல, வீணாப் போச்சு. ஒத்திகைன்னு சொல்லியும் ஏன் எடுத்தேன்னு எனக்கு மெமோ குடுத்தாங்க. உங்க ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் குடுத்தாங்க." அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். "நிஜம்னா டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு வரணும் மேடம்."

தியேட்டருக்கு இன்டர்காமில் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. எடுக்கிற கைகள் எல்லாம் என் தங்கையின் வயிற்றுக்குள் இருந்தன. மறுபடி அடித்தேன். சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் போய்க்கொண்டே இருந்தது. நான் என்ன சொன்னாலும் அந்த மனிதருக்கு அது நடிப்பாகத்தான் இருக்கும் என்பது புரிந்தது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் முன்னால் போட்டேன்.

"நான் மார்க் போட வந்தவ இல்லைங்க. அவ என் தங்கச்சி. போன்ல உங்ககிட்ட சொன்னது பொய். நீங்க எல்லாரும் ஓடி வரணும்னு சொன்ன பொய்."

அவர் அட்டையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கீழே குனிந்து, ஒரு காலில் செருப்பில்லாமல் நான் நிற்பதைப் பார்த்தார். பிறகு நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். பைகளை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் அவரே படியேறி ஓடினார். கதவு திறந்து 'பெட்டி காலி' என்ற சத்தம் கேட்டதிலிருந்து அந்தப் பைகள் உள்ளே போகும்வரை ஒன்பது நிமிடம்.

ஒரு மணி நேரம் கழித்துப் பெரிய டாக்டரம்மா வெளியே வந்தார். முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

"பெண் குழந்தை. நல்லா இருக்கா. உங்க தங்கச்சியும் பிழைச்சுட்டாங்க." கையுறையைக் கழற்றினார். "கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாப் போச்சு. ரத்தம் கையில இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணிப் பார்த்திருப்பேன். இல்லாதப்ப அதுக்கு மேல காத்திருக்க முடியல."

அவர் போனபிறகு என் செல்போன் அடித்தது. சுகாதார அலுவலகத்து எழுத்தர். "மேடம், இருபத்திரண்டு நிமிஷம்னு சொன்னாங்க. பாஸ்தானே?" என்று கேட்டார். சாயங்காலம் சதவீதம் வந்தார். ஆறுதல் சொன்னார், பழம் வாங்கி வந்திருந்தார். எழுந்து போகும்போது, முன்னறிவிப்பில்லாத ஒத்திகையில் இருபத்திரண்டு நிமிடம் என்பது எங்கேயும் இல்லாத சாதனை என்றும், இதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடலாம் என்றும் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என் பொய் வெளியே வரும், வேலை போகும் என்று அப்போதும் பயந்தேன். வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

மூன்றாம் நாள் தங்கை எழுந்து உட்கார்ந்தாள். குழந்தை அவள் மடியில் தூங்கியது. டாக்டரம்மா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவள் அழுது முடித்திருந்தாள். கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார்.

"அக்கா, இடுப்புக்குக் கீழதான் மரத்துப் போயிருந்துச்சு. எனக்கு எல்லாம் கேட்டுச்சு" என்றாள். "பெட்டியைத் திறந்துட்டு டாக்டரம்மா கத்தினாங்க. ஏன்க்கா காலிப் பெட்டியக் குடுத்து அனுப்பினாங்க?"

பத்து வருடமாக நான் மற்றவர்களைத்தான் கேள்வி கேட்டிருக்கிறேன். பதில் சொல்லும் இடத்தில் நின்றதில்லை. ஆனாலும் சொன்னேன். டெலிபோன் அடிக்காததிலிருந்து ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். பிறகு, "ரத்த வங்கிக்காரர்கிட்ட மொதல்லயே நிஜம்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பாரா?" என்றாள்.

"தெரியல. அந்த எழுத்தர் அசையாததைப் பார்த்ததும் இவரும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன். சொல்லியே பார்க்கலடி."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். அது காலியாக இருந்தது. புது விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"நேத்து மத்தியானம் அங்க ஒரு பொண்ணைக் கொண்டுவந்தாங்க. எனக்கு மாதிரியே ரத்தம். போன் பண்ணியாச்சு, டாக்டருங்க எல்லாம் ரெடியா இருப்பாங்கன்னு சொல்லித்தான் அனுப்பினாங்களாம். அவ புருஷன் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருந்தான். தியேட்டருக்குக் கொண்டுபோக ரொம்ப நேரம் ஆச்சுக்கா. போனவ திரும்பி வரல." குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "அவளுக்காகப் பொய் சொல்ல இங்க யாருமே இல்லையாக்கா?"